காயக்கணக்கு

அந்த ஆணித் தொழிற்சாலையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூடத் தலையைச் சொறிவார். காயக்கணக்கு எங்கே என்று கேட்டால் போதும், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குட்டி அறையைக் கைகாட்டிவிடுவார். யாருக்கு அடிபட்டது, எங்கே பட்டது, எந்த மெஷினில் என்ன செய்துகொண்டிருந்தபோது பட்டது என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிவைப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். பட்டப்பெயர் வைப்பதில் அந்தத் தொழிற்சாலைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதையும் அவர்கள்தான் வைத்தார்கள். முன்பெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள். இப்போது யாரும் கூப்பிடுவதே இல்லை என்பது அவள் கட்சி.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் அடி ஷெட்டில் இருந்தாள். கைக்குழந்தையோடு புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே நுழைந்தவள். அடி ஷெட் என்றால், சுருளிலிருந்து கம்பியை இழுத்து, கொண்டையை அடித்து, முனையை வெட்டி, ஆணி ஆணியாகத் தட்டில் துப்புகிற மெஷின்கள் வரிசையாக நிற்கும் கூடம். சத்தம் என்றால் அப்படி இப்படிச் சத்தமில்லை. பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் திறப்பது மட்டும்தான் தெரியும். புதிதாக வருகிறவர்கள் முதல் சில நாள் தலையைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள். வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் வண்டு குடைகிறது என்று அழுவார்கள். அப்புறம் ஒருநாள் அந்த இரைச்சல் தொந்தரவாகவே தெரியாது. அன்றைக்கு மொத்த ஷெட்டும், காது பழகியாச்சு என்று கைதட்டும். பழகிய காதுக்காரிக்கு மற்றவர்கள் சேர்ந்து டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார்கள். இவளுக்கும் கொடுத்தார்கள். இவளும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறாள். காது பழகாமல் ஓடிப்போனவர்களைப் பற்றி, அதுகளுக்கு உழைக்க உடம்பு வளையவில்லை என்று நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசியும் இருக்கிறாள்.

அப்போது பக்கத்து மெஷின்களைப் பார்த்துக்கொண்டவள் வெங்கலம். வெண்கலத் தொண்டை அவளுக்கு. சாலையின் அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் இந்தக் கோடியில் பேருந்து நிற்கும். அந்தத் தொண்டையும் அடி ஷெட்டுக்குள் எடுபடாது என்பதால், இரண்டு பேரும் வாயசைவிலும் கைஜாடையிலுமே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். மாமியார் சண்டை, பிள்ளை படிப்பு, சூப்பர்வைசரின் புது மீசை என்று ஒன்றும் பாக்கியில்லை. புருஷன் இல்லாத வீட்டில் ஒற்றைப் பெண்ணை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்த காலமெல்லாம் வெங்கலம்தான் அவளுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி நின்றாள்.

பெரிய கட்டுமானக் கம்பெனிகள் ஆணி வாங்க வந்தபோது, உங்கள் ஆட்களுக்கு என்னென்ன அடிபடுகிறது, என்னென்ன நோய் வருகிறது, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். கணக்கு இருந்தால்தானே காட்டுவதற்கு! கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, ஷெட்டில் எல்லாரும் மதிக்கிறார்கள் என்று மேனேஜர் இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அவள் அந்த வேலையில் புலிதான். எழுத ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே, உள்ளங்காலில் ஆணி ஏறியவர்கள் எல்லாரும் மரத்தூள் போட்டு ஆணியை உருட்டிப் பளபளப்பாக்குகிற டிரம்முக்குப் பக்கத்திலேயே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவள் கண்ணில் பட்டது. போய் நின்று பார்த்தாள். தட்டைச் சாய்க்கும்போதெல்லாம் ஒரே மூலையில் ஒரு கை ஆணி சிந்தியது. தட்டுக்கு விளிம்பு உயர்த்துங்கள், ஆட்களுக்குத் தடித்த அடி வைத்த செருப்பு கொடுங்கள் என்று மேனேஜரை அரித்தெடுத்து வாங்கிவிட்டாள். அதற்கப்புறம் காலில் கட்டோடு யாரும் நொண்டுவதைப் பார்க்க முடியவில்லை.

அடிபட்டவர்களை எதிரே உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லு என்பாள். தலையைக் குனிந்துகொண்டு பேசினால் விடமாட்டாள். என்னைப் பார்த்துப் பேசு, பொய் சொன்னால் வாயே காட்டிக்கொடுத்துவிடும் என்பாள். தனக்கு அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதாகவே அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு காயம் எழுதப்பட்டால் சும்மா முடிவதில்லை. மெஷின் நிற்கும், சூப்பர்வைசர் பதில் சொல்ல வேண்டும், அந்த வரிசை முழுக்க விசாரணைக்கு நிற்க வேண்டும். அதனால் ஆட்கள் மறைக்கத் தொடங்கினார்கள். கம்பி அறுத்துக்கொண்டு கன்னத்தில் விளாசினால்கூட வீட்டுக் கதவு இடித்தது என்றார்கள். விரல் நசுங்கினால் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால், அந்த வட்டாரத்தில் இருக்கிற குளியலறை அத்தனையையும் இடித்துத்தான் கட்ட வேண்டும். அவள் ஒவ்வொருவரையும் மடக்கி மடக்கி உண்மையை வாங்கினாள், எழுதினாள். அதோடு எல்லாருக்கும் தான் வேண்டாதவளாகிவிட்டதாக முடிவு கட்டினாள்.

முடிவு கட்டாமல் என்ன செய்வாள்? சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நம்மைப் பற்றித்தான் என்று அவளுக்குச் சுருக்கென்று படும். முன்பெல்லாம் வேலை விட்டதும் வாசலில் நின்று, வாடி போகலாம் என்று கூப்பிடும் வெங்கலம் இப்போது கூப்பிடுவதில்லை. எதிரே பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஆபீஸ்காரர்களோ கேட்கவே வேண்டாம். அங்கே எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறவர்கள். மேனேஜர் அதில் முதல் பரிசு வாங்குகிறவர். கோப்பைப் பார்த்துக்கொண்டே என்னமோ முணுமுணுப்பார், இவள் சரிங்க என்று சொல்லிவிட்டு வருவாள். பிற்பாடு, சொன்னதை ஏன் செய்யவில்லை என்று எரிந்து விழுவார். ஷெட்டிலிருந்து வந்தவள்தானே என்ற இளக்காரம் என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொள்வாள். கொஞ்ச நாளில் அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதையே விட்டுவிட்டாள். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அந்த அறையில், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

வீட்டிலும் அதே கதிதான். இரண்டு அறை வீடு, மகள் போன பிறகு ஒரு அறை போதும் என்றாகிவிட்டது. சாயங்காலம் டிவி போட்டால் கீழ்வீட்டுக்காரி மாடியேறி வந்து கதவை இடிக்கிறாள், சத்தத்தைக் குறை என்று கையால் காட்டுகிறாள். தனியாக இருக்கிறவள் என்றால் எல்லாருக்கும் ஏறி மிதிக்கத் தோன்றுகிறது என்று இவள் கதவைச் சாத்திக்கொள்வாள். குக்கரும் சதி செய்தது. விசில் வராமலே அடிப்பிடித்துத் தீய்ந்தது. இவள் விசில் குண்டை மாற்றினாள், ரப்பரை மாற்றினாள், கடைசியில் குக்கரையே மாற்றினாள். புது விசிலும் வரவில்லை. இந்தக் காலத்துச் சாமான் எதுவும் உருப்படியில்லை என்று கடைக்காரனைக் கரித்துக்கொட்டினாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது மகள் விஷயம். கட்டிக்கொடுத்த ஊர் பேருந்தில் அரைநாள் தூரம். ஞாயிற்றுக்கிழமையானால் காலையில் போன் வந்துவிடும். சன்னமான குரல் அவளுக்கு, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போகப் போக அந்தப் பேச்சு சுருங்கியது. மகள் எதையோ சொல்வாள், இவள் சரி சரி என்பாள். அவள் எதையோ கேட்பாள், அதற்கும் சரி சரி. என்ன பெரிய விஷயம் இருக்கப்போகிறது, தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சண்டை, மாப்பிள்ளைக்கு இரவு வேலை, இதுதானே! கடைசியாக வந்த போன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, வாரத்தின் நடுவில் வந்தது. அன்றைக்கு மகள் நிறையப் பேசினாள். இவளும் மனம் குளிர்ந்து, சரி சரி, நல்லது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அதோடு சரி. அப்புறம் போனே இல்லை. எப்போதாவது ஒரு குறுஞ்செய்தி, நல்லா இருக்கேன் என்று. இவள் எப்போது வருகிறாய் என்று கேட்டு அனுப்பினால் பதில் வராது.

என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்கு விளங்கவேயில்லை. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வளர்த்த பெண். புருஷன் வீடு வந்ததும் பெற்றவள் கசந்துவிட்டாளா? நாமே கூப்பிடலாம் என்று போனை எடுப்பாள். அவளே கூப்பிடட்டும், எனக்கு மட்டும் ரோஷம் கிடையாதா என்று வைத்துவிடுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைக் கையோடு குளியலறைக்கும் எடுத்துப் போவாள். மகள் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு ஜீவன்தான்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிகள் அனுப்பிய புதுப் படிவத்தில், காது கேட்கும் திறன் என்று ஒரு கட்டம் வந்தது. அவள் அந்த இடத்தில் வழக்கம்போல ஒரு கோடு போட்டு அனுப்பினாள். ரத்தம் வந்தால், எலும்பு முறிந்தால், தோல் வெந்தால் எழுதலாம். காதில் எழுத என்ன இருக்கிறது? கோடெல்லாம் ஆகாது, சோதித்துத்தான் எழுத வேண்டும் என்று படிவம் திரும்பி வந்தது. கூடவே, காது சோதிக்கிற வண்டி ஒன்றும் வந்து தொழிற்சாலை முற்றத்தில் நின்றது.

வண்டி வந்து நின்றதுதான் மிச்சம், அடி ஷெட்டிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. காது சரியில்லை என்று எழுதிவிட்டால் ஷெட்டைவிட்டுத் தூக்கிப் பெருக்குகிற வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயம். எங்கள் காதெல்லாம் பழகின காது, நன்றாகத்தான் இருக்கிறது என்று சூப்பர்வைசர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஷெட் வாசலில் போய் நின்று, வரச் சொல்லிக் கையாட்டினாள். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து நின்றார்கள், வெங்கலம் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"யார் வேலையும் போகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் இவள். "பயமா இருந்தா மொதல்ல நான் உக்கார்றேன். பாத்துட்டு வாங்க."

சொன்னபடியே வண்டியில் ஏறினாள். உள்ளே கண்ணாடி ஜன்னல் வைத்த சின்னப் பெட்டி அறை, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு. சோதனை செய்கிற பெண் அவள் காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்துங்கள், எவ்வளவு சின்னச் சத்தமானாலும் அழுத்துங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சத்தம் எழுப்புகிற பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். வண்டியின் திறந்த கதவு வழியாக ஷெட்காரர்களின் தலைகள் எட்டி எட்டிப் பார்த்தன.

முதலில் தடித்த சத்தங்கள் சில கேட்டன, தூரத்தில் யாரோ மூட்டையை இறக்குவது போல. அவள் டக் டக்கென்று அழுத்தினாள். அப்புறம் நின்றுவிட்டது. சரி, பழக்கிக் காட்டினார்கள், இனிமேல்தான் நிஜச் சோதனை ஆரம்பிக்கும் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்டைவிரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தாள். அந்தப் பெண் குனிந்து எதையோ திருகினாள், இவளைப் பார்த்தாள், மறுபடி திருகினாள். பாவம், மெஷின் மக்கர் பண்ணுகிறது போல என்று இவள் நினைத்தாள். அவசரமில்லை, மெதுவாகப் பார் என்பது போல அவளைப் பார்த்துச் சிரித்தாள். எட்டிப்பார்த்த தலைகளைப் பார்த்தும் சிரித்தாள், ஒன்றுமே இல்லை, பயப்படாதீர்கள் என்று கையைக் காட்டினாள். உள்ளே அமைதியாக இருந்தது. தன் அறையில் தனியாகச் சாப்பிடும்போது இருக்குமே, அதே அமைதிதான்.

கதவு திறந்தது. அந்தப் பெண் கருவியைக் கழற்றினாள்.

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று இவள் கேட்டாள்.

 அந்தப் பெண் கீழே முட்டிபோட்டு உட்கார்ந்து, இவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றாள்.

அப்புறம் அவள் ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் மளமளவென்று கீழே இறங்கியது. கனத்த சத்தம் கொஞ்சம் கேட்கும், மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது என்றாள். விசில் கேட்காது, குருவி கேட்காது. பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது, குனிந்து பேசுகிறவர்களைக் கேட்காது, போனில் பேசினால் கேட்கவே கேட்காது. இது ஒரே நாளில் வந்ததில்லை, வருஷக்கணக்காகத் தேய்ந்தது. எதிரே இருப்பவர்களின் வாயைப் பார்த்தே நீங்கள் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்கிறீர்கள், இப்போதுகூட அப்படித்தான் என்றாள். போனது திரும்பி வராது, கருவி வைத்தால் கொஞ்சம் உதவும் என்றாள். இவள் அந்தப் பெண்ணின் உதடுகளையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். போனில் கேட்கவே கேட்காது என்ற இடத்திலேயே அவள் மனம் நின்றுபோயிருந்தது.

அவள் வண்டியைவிட்டு இறங்கினாள். வெங்கலம் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். விஷயம் அதற்குள் அவர்களுக்கு எட்டியிருந்தது.

"வேலை விட்டதும் கேட்ல நின்னு எத்தனை நாள் கூப்பிட்டேன் தெரியுமாடி?" என்றாள் வெங்கலம். "நீ பாட்டுக்குப் போவே. திரும்பிக்கூடப் பாக்கமாட்டே. ஆபீஸ் நாற்காலி கெடச்சதும் தலைக்கனம் ஏறிருச்சுன்னு நாங்க பேசிக்கிட்டோம். அப்புறம்தான் கூப்பிடுறதை விட்டேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. இவளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அத்தனை நாள் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துத்தான் ஓய்ந்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளும்போது எல்லாம் கைநழுவிப் போயிருக்கிறது. இவளுக்குக் கத்தி அழ வேண்டும் போல இருந்தது, அத்தனை பேர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெங்கலம் அடுத்ததாக வண்டியில் ஏறினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள். பழைய ஆட்களில் பிழைத்த காது என்று ஒன்றுகூடத் தேறவில்லை. வெங்கலத்துக்கு வலது காது அநேகமாகப் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் காப்பாற்ற ஏதோ மிச்சம் இருந்தது.

இவள் எல்லாவற்றையும் எழுதினாள். முதல் பெயராகத் தன் பெயரை எழுதினாள். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் வயசானால் வருவதுதானே, இதைப் போய் காயம் என்று எழுதுவார்களா என்று தாளைப் பார்த்துக்கொண்டே முனகினார். அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்கு இப்போது தெரிய வேண்டியிருந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் நிமிர்ந்து, அதே வார்த்தையை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முயன்று, முடியாமல், சரி எழுதுங்கள் என்றார். படிவத்தில், இதனால் இழந்த வேலை நாட்கள் எத்தனை என்று கேட்டிருந்தது. ஒரு நாள்கூட அவள் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. இல்லை என்று எழுதினாள். வேறு எதை இழந்தாய் என்று படிவம் கேட்கவில்லை.

அந்தக் கணக்கு போன பிறகு கம்பெனிகள் நெருக்கின. மெஷின்களுக்கு மூடி போடுவதற்கு ஆட்கள் வந்து அளவெடுத்தார்கள், காதில் மாட்டுகிற தடுப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது, புதியவர்களை மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. யாரையும் பெருக்கப் போடவில்லை. எல்லாரும் இவளை வாயாரப் புகழ்ந்தார்கள், எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து புகழ்ந்தார்கள். அவளுக்கு அதெல்லாம் ஏறவில்லை. வண்டி வந்த அந்த வாரம் பூராவும், வாரத்தின் நடுவில் வந்த அந்தப் போன்தான் அவள் மண்டைக்குள் ஓடியது. அவ்வளவு நேரம் மகள் என்ன சொன்னாள்? எதற்கு நான் சரி சரி, நல்லது என்றேன்?

ஞாயிற்றுக்கிழமை போனுக்குக் காத்திருக்கவில்லை. விடிந்ததும் பேருந்து ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, உலகம் வாயைத் திறந்து மூடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனாள்.

மகள் வீடு மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவள் முகத்தில் திகைப்பு வந்தது, அது அடங்கியதும் வேறு எதுவும் வரவில்லை. வா என்றாள். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். மகள் இளைத்திருந்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஊர் பேர் தெரியாத விருந்தாளியிடம் நடந்துகொள்கிற மாதிரி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.

இவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பழைய நாளாக இருந்தால், பேசப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டாள் என்று தீர்மானித்து, மனம் வெதும்பி, மத்தியானப் பேருந்துக்குக் கிளம்பியிருப்பாள். இன்றைக்கு அந்த முதுகுக்கு அப்பால் ஒரு வாய் பேசிக்கொண்டிருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய்க் குழாயை மூடினாள். மகளின் ஈரக் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"எனக்குக் காது போயிருச்சுடி" என்றாள். "நீ முதுகக் காட்டிப் பேசினா எனக்குத் தெரியாது. போன்ல பேசினாலும் தெரியாது. ரொம்ப நாளாவே தெரியல, அது எனக்கே தெரியல. கடைசியா போன் பண்ணினப்ப நீ நெறையப் பேசின. அதுல ஒரு வார்த்தை எனக்குக் கேக்கல. என்ன சொன்னே?"

மகள் அவளையே பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று முகம் தடுமாறியது. இவள் பையிலிருந்து அந்தச் சோதனைத் தாளை எடுத்துக் காட்டப் போனாள், அதற்குள் மகளின் உதடு கோணிக்கொண்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ சொன்னாள். கழுத்து நரம்பு அசைந்தது மட்டும்தான் இவளுக்குத் தெரிந்தது.

"கேக்கல" என்றாள் இவள்.

மகள் இன்னொரு தரம் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு.

"இங்க பாத்துச் சொல்லுடி. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு." மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்கக்கூடாது என்று போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னதை, இப்போது மகள் வாயைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, பெற்றவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"கொழந்தை கலைஞ்சிருச்சும்மா."

இவள் அந்த உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நேர்ல வந்து உண்டாயிருக்கேன்னு சொல்லலாம்னு வெச்சிருந்தேன். அதுக்குள்ள போயிருச்சு. மொதல்ல உனக்குத்தான் போன் போட்டேன். நீ வரணும்னு அழுதேன்."

"நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள் இவள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. கை மகளின் மோவாயிலிருந்து நழுவியது.

 அம்மாவை நோகடிக்க மனமில்லாதவள் போல மகள் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாலும் உதட்டில் தெளிவாகவே தெரிந்தது.

"சரி சரி, நல்லதுன்ன."

இவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை பேர் காயத்தை எதிரே உட்காரவைத்துக் கேட்டவள், பெற்ற பிள்ளை துடித்தபோது நல்லது என்று சொல்லியிருக்கிறாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தன் அழுகைச் சத்தமும் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மகளும் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். எதையோ சொல்கிறாள் என்பது தோளில் பட்ட மூச்சில் தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து இவள் முந்தானையால் இரண்டு பேர் முகத்தையும் துடைத்தாள். மகளைச் சற்றுத் தள்ளி உட்காரவைத்தாள்.

"மொதல்லேருந்து சொல்லு" என்றாள். "அன்னைக்குக் காலையில என்ன ஆச்சு, எப்ப வலி எடுத்துச்சு, கூட யாரு இருந்தா, எல்லாம் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

மகள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் முகத்தில் விழும்படி எதிரே வந்து உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.